வாசலில் செருப்பு இருக்கிறதா

ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பச்சை வார். இடது செருப்பில் வார் பிய்ந்த இடத்தில் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து அப்பளம்போல் மெலிந்த அடி. அதன் விளிம்பில் ஜவ்வாது மலையின் செம்மண் ஏறி, எந்த மழையும் கழுவ முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை, சந்தை முடிந்த சாயங்காலங்களில், வாணியம்பாடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்கு இந்தப் புறம் உட்கார்ந்து அந்தச் செருப்புக்காகக் காத்திருந்திருக்கிறேன். செருப்புக்கு உரியவரின் முகத்துக்காக அல்ல. முகம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவர் என் மாமியார். மருமகன் கண்ணில் நேராகப் படுவதில்லை என்று ஒரு நியமம் வைத்திருந்தவர். படியோரம் செருப்பு கிடந்தால் அத்தை வந்திருக்கிறார், தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்று பொருள். குடியை விடுவதற்காக என்னைச் சேர்த்திருந்த அந்த வீட்டில், இன்னொரு வாரத்தை நான் தாண்டிவிட்டேன் என்பதற்கு அந்தச் செருப்பைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஜனத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. கைபேசி வந்த பிறகு பல வீடுகளில் அது தளர்ந்துவிட்டது. அத்தை தளர்த்தவில்லை. மலையிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் நடுவில் யாராவது வேண்டும். என் மனைவி இருந்தால் "பாப்பா, மாப்பிள்ளைய கை கழுவச் சொல்லு" என்பார். அவள் இல்லையென்றால் என் மகள். மகளும் பள்ளிக்கூடம் போயிருந்தால் கோழி. "ஏ கோழி, சோறு ஆறிப் போவுதுன்னு யாருக்கானா தெரியுதா பாரு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். கோழி என்னைப் பார்க்கும். நான் தட்டின் முன் போய் உட்காருவேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று நானும் கோழியிடமே சொல்லியிருக்கிறேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது வேறொரு வகையில் வசதியாக இருந்தது. குடிக்கிறவன் எதையும் மறைவிடமாக்கிக்கொள்வான். வாய் நாறிக்கொண்டு வாசலேறும்போது மனைவி கத்துவாள், என் அண்ணன் கை ஓங்குவார், அத்தை மட்டும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது என்கிற மரியாதைக்குள் நான் ஒரு கம்பளிக்குள் புகுந்துகொள்வதுபோல் புகுந்துகொண்டேன். அவர் ஒதுங்கியது என்னிடமிருந்து அல்ல, தன் கோபத்திடமிருந்து என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது.

எங்கள் குடும்பம் மலையிலிருந்து இறங்கி ஆலங்காயத்தில் குடியேறி ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. பெண் எடுத்தது மலையில். பெண்ணைக் கொடுக்கும் முன் வீடு பார்க்க வருவார்கள் அல்லவா, அப்படி அத்தையும் இரண்டு உறவுக்காரப் பெண்களும் வந்தார்களாம். வீடு பார்ப்பதென்றால் வந்து காப்பி குடித்துவிட்டுப் போவதல்ல. கிணற்றில் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். மாட்டின் விலாவைத் தடவிப் பார்ப்பார்கள். அடுப்படிக்குள் போய்ப் பானையின் மூடியைத் திறப்பார்கள். திரும்பும் வழியில் எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாக்கில் விசாரிப்பார்கள். எல்லாம் நடந்தது. என் பெரியம்மா நெஞ்சில் கை வைத்து, "பையன் மேல ஒரு குறையும் இல்ல, பீடி கூட தொட மாட்டான்" என்று சொன்னார். அது பொய்யில்லை. இந்த நாள்வரை நான் பீடி தொட்டதில்லை. மற்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

நான் சின்ன வேன் ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்குச் சாமையும் புளியும் இறக்குவேன். போகும்போது சிமெண்டும் ரேஷன் மூட்டையும் ஏற்றுவேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் தூக்கத்தில் திருப்புவேன் என்று பெருமை பேசியிருக்கிறேன். அப்படியே ஒரு நாள் தூக்கத்தில்தான் திருப்பினேன். பட்டப்பகல், பதினோரு மணி. காலை எழுந்ததும் கை நடுக்கம் நிற்க ஒரு குவளை, ஏறும் முன் ஒன்று, ஏறியபின் ஒன்று. வேன் பாறையில் மோதி நின்றது. ஒரு முழம் தள்ளி மோதியிருந்தால் பாறை இல்லை, வெறும் காற்று. பின்னால் இருந்தது அத்தையின் புளி. ஓடு நீக்கி, நார் எடுத்து, உருண்டை பிடித்து ஓலைப்பாயில் கட்டிய புளி சாலை முழுக்கச் சிதறி, வெயிலில் கறுத்த சதைபோல் கிடந்தது. என்னை இழுத்து வெளியே போட்டவர்கள் நான் செத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். இரண்டாம் நாள் குடி இறங்க இறங்க உடம்பு ஆடத் தொடங்கியது. சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி நான் கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தேன். இதை வீட்டில் வைத்து நிறுத்த முயன்றிருந்தால் வலிப்பு வந்தே போயிருப்பார், மருந்து கொடுத்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்று அங்கிருந்த நர்சு என் மனைவியிடம் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அத்தை அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு என் அண்ணனின் குரல். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். வேலூர் போகும் சாலையில் ஒரு மறுவாழ்வு மையம், மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால் போதும், அவர்களே வேனில் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், நாம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை என்றார். பிறகு அத்தை என் மனைவியிடம், ஆனால் எனக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "பாப்பா, ஒரு தடவ சரியா பாக்காம குடுத்துட்டேன். இந்தத் தடவ நான் வூடு பாக்காம குடுக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையாக இருந்த நான் கொடுக்கப்படுகிற பெண்ணாகிவிட்டேன்.

அதன்பின் நடந்தவற்றை என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாயும் மகளும் மூன்று நாள் அலைந்திருக்கிறார்கள். முதலில் அண்ணன் சொன்ன இடம். இரும்புக் கதவு, உயரமான சுவர், அதன்மேல் கண்ணாடிச் சில்லு. அத்தை கதவைத் தட்டவில்லை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பது ஆம்பளைங்க இருக்குற வூடுன்றாங்க. வாசல்ல ஒரு செருப்பு காணோமே?" என்றார். டீக்கடைக்காரர் சிரித்தார். உள்ளே போகிறவர்களின் செருப்பை முதல் நாளே வாங்கி ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள் என்றும், வெறுங்காலோடு எவனும் தூரம் ஓட முடியாது என்றும் சொன்னார். வந்ததற்கு உள்ளே போய்க் கேட்டார்கள். மருத்துவர் யார், எப்போது வருவார் என்பதற்கு மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்படியைப் பார்க்கலாமா என்று அத்தை கேட்டதற்கு, அங்கெல்லாம் வெளியாட்களை விடுவதில்லை என்றார். அத்தை எழுந்துகொண்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "சோறாக்குற எடத்த காட்டாத வூட்டுக்கு மாட்டக் கூட குடுக்க மாட்டேன்" என்றாராம்.

இரண்டாவது இடத்துக்கு என் மனைவியின் சிநேகிதி கைபேசியில் படம் காட்டி வழி சொல்லியிருந்தாள். புல்வெளி, குளிர்சாதன அறை, சோபா, சுவரெல்லாம் சூரிய உதயத்தின் படங்கள். பழச்சாறு கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மிகவும் இனிமையாகப் பேசினார். ஒரு மாதத்துக்கு அவர் சொன்ன தொகை அத்தையின் நான்கு புளியமரங்களும் மூன்று வருடம் காய்த்தாலும் எட்டாத தொகை. ஆனாலும் என் மனைவி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். நகை, ஆடு, வட்டிக்கு யார் கொடுப்பார்கள் என்று மனம் ஓடியிருக்கிறது. பயந்த மனசு விலை உயர்ந்ததை மருந்து என்று நம்பும். அந்த ஆள் அவள் முகத்தைப் படித்துவிட்டார்போல. நூறு சதவீதம் கியாரண்டி, இங்கிருந்து போனவர் யாரும் திரும்பத் தொட்டதே கிடையாது என்றார். அத்தை பழச்சாற்று டம்ளரை மேசையில் வைத்தார். "கியாரண்டி மிக்சிக்கு குடுப்பாங்க சார். ஆளுக்கு எப்படி குடுக்குறீங்க?" என்று கேட்டார். பேருந்து நிறுத்தத்தில் என் மனைவி அழுதிருக்கிறாள். அத்தை அவளிடம், "இன்னாடி அழுவுற. ஒரு குறையும் இல்லன்னு சொன்ன வூட்லதான அன்னைக்கு உன்ன குடுத்தேன். ஒரு குறையும் இல்லன்னு சொல்ற எடத்துல மறுபடியும் போய் மாட்டிக்கிறதா?" என்றார். என் பெரியம்மா அன்று எங்காவது தும்மியிருப்பார்.

மூன்றாவதை அரசு மருத்துவமனை நர்சுதான் சொன்னார். தன் தம்பி அங்கே இருந்தான் என்றும் சொன்னார். வாணியம்பாடிப் பக்கம் ஒரு சந்து. ஓட்டு வீடு, காரை பெயர்ந்த சுவர், முன்னால் இரண்டு தூண். வாசற்படியோரம் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. ரப்பர், தோல், ஒரு கான்வாஸ் ஷூ, அறுந்தது, புதுசு. அத்தை நின்று அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். முற்றத்தில் நாலு பேர் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரிடம் நேராகப் போய், எத்தனை நாளாக இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள், "ரெண்டாவது தடவ வந்துருக்கேன்மா. மொத தடவ வெளிய போய் வழுக்கிட்டேன்" என்று வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னார். என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. அத்தைக்கு மலர்ந்துவிட்டது. வழுக்கியவன் திரும்பி வர வெட்கப்படாத வீடு.

அதை நடத்துகிறவரை எல்லோரும் மேடம் என்பார்கள். நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். மருத்துவர் வாரம் இரண்டு நாள் வருவார், ஒரு நர்சு எப்போதும் உண்டு, மருந்து பெட்டியில் பூட்டியிருக்கும், சாவி நர்சிடம் என்றார். அடுப்படியைத் திறந்து காட்டினார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. குணமாகிவிடுமா என்று கேட்டதற்கு, "சில பேர் நிக்கிறாங்கம்மா. சில பேர் விழுந்து திரும்பி வர்றாங்க. வந்தா கதவத் தொறப்போம். அவ்ளோதான் நான் சொல்ல முடியும்" என்றார். நடுவில் போக நினைத்தால் என்று கேட்டதற்கு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம், பூட்ட மாட்டோம், வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுவோம் என்றார். பூட்டாத வீட்டுக்கு எதற்குக் காசு என்று என் மனைவி தாயின் காதில் கிசுகிசுத்தாளாம். மலையில் மாட்டைக் காட்டுக்குள் அவிழ்த்துவிடுகிற ஜனம் நாங்கள். பொழுது சாய்ந்தால் அதுவாக மணியை ஆட்டிக்கொண்டு வரும். அத்தை அதை நினைத்திருக்க வேண்டும். "அவுத்துவுட்டா திரும்பி வர்றதுதான் பாப்பா நம்ம மாடு. கட்டி வெச்சா எல்லா மாடும் நிக்கும்."

பணத்தில்தான் இழுபறி. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டுவதுதான் அங்கேயும் வழக்கம். அத்தை வாரா வாரம் கட்டுகிறேன் என்றார். அந்தப் பருவத்துப் புளியை மரத்தோடு வியாபாரிக்குக் குத்தகை விட்டால் மொத்தமாகக் கையில் வரும், மலையில் எல்லோரும் செய்வது அதுதான், ஒரே தடவையில் கட்டி முடித்துவிடலாமே என்று என் மனைவியும் அண்ணனும் மன்றாடினார்கள். அத்தை மறுத்துவிட்டார். மொத்தமாகக் கட்டிவிட்டால் அப்புறம் யார் வந்து பார்ப்பது, வயிறு நிறைந்தவன் சோற்றுக்கு எழுந்திருக்க மாட்டான், நாமும் அப்படித்தான் என்றார். மேடம் அவரையே பார்த்திருக்கிறார். பிறகு, வாராவாரம் குடும்பம் வந்து உட்கார வேண்டும் என்று நான் தலை தலையாக அடித்துக்கொள்கிறேன், வருவோர் இல்லை, நீங்கள் வருவதாக இருந்தால் சரி என்று ஒத்துக்கொண்டார். ஆக, மரத்தில் காய் இருந்த வாரமெல்லாம் அத்தை மரத்தைத் தானே ஆளைவிட்டு உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, உருண்டை பிடித்து, சந்தைக் கிழமையில் ஆலங்காயம் பேருந்து நிலையச் சுவரோரம் உட்கார்ந்து விற்றார். மிச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாணியம்பாடி பஸ் ஏறுவார். விரல் நகங்களுக்குள் புளி. கசங்கிய நோட்டிலும் புளி. ரசீது எழுதுகிற பையன் நோட்டை முகர்ந்து பார்த்துச் சிரிப்பான்.

உள்ளே என் நாட்கள் மெதுவாக நகர்ந்தன. மேடம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, தினமும் ஒரு பக்கமாவது எழுதச் சொன்னார். எட்டாம் வகுப்போடு பேனாவை வைத்தவன் நான். முதல் வாரம் வளைவுகளின் பெயர்களை எழுதினேன். பாம்புப் பாறை வளைவு, நாவல்மர வளைவு, பேரில்லாத வளைவு. அப்புறம் அந்த வளைவுகளில் குடித்ததை எழுதினேன். அப்புறம் குடிக்காமல் ஏறிய ஒரு காலையை எழுத முயன்றேன். ஒன்று கூட ஞாபகம் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக என்னைப் பார்த்துப் பயம் வந்தது. பயம் வந்தால் தாகம் வரும். மூன்றாவது வாரம், சந்தைக் கிழமை காலையில், கையெழுத்துப் போட்டேன். செருப்புக் குவியலிலிருந்து என் பழுப்புச் செருப்பை உருவினேன். கேட்டில் யாரும் தடுக்கவில்லை. யாராவது தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்ட உரிமையில் குடித்திருப்பேன். தடுக்காததுதான் காலைக் கனக்கச் செய்தது. ஆனாலும் நடந்தேன். தெரிந்த கண்டக்டரிடம் சொல்லி, டிக்கெட் இல்லாமல் ஆலங்காயத்தில் இறங்கினேன்.

என் திட்டம் கேவலமானது. அதை இங்கே மறைத்தால் இந்த முழுப் பக்கமும் பொய்யாகிவிடும். அன்று சந்தை. அத்தையின் மடியில் அந்த வாரக் காசு இருக்கும். சுவரோரம் அவர் எப்போதும் உட்காரும் இடத்துக்குப் போனேன். பக்கத்தில் கருவேப்பிலை விற்கிற ஓர் அம்மா. அத்தை என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு லேசாகத் திரும்பிக்கொண்டார். "மாப்பிள்ளைக்கு ஒரு டீ சொல்லும்மே" என்றார் கருவேப்பிலை அம்மாவிடம். நானும் கருவேப்பிலை அம்மாவிடம்தான் என் பொய்யைச் சொன்னேன். இந்த வாரம் பணத்தை என்னையே வாங்கிவரச் சொல்லி அனுப்பினார்கள், சீக்கிரம் கட்ட வேண்டுமாம், அத்தையிடம் சொல்லுங்கள் என்றேன். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேருந்து நிலையத்துக்கு இந்தப் பக்கம் வாணியம்பாடி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம், இரண்டு கடை தள்ளி, சாராயக் கடையின் கம்பி ஜன்னல் திறந்திருந்தது. என் நாக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அத்தை எழுந்தார். திரும்பினார். முந்தானை முகத்திலிருந்து விலகியிருந்தது. பத்து வருடத்தில் முதல்முறையாக அவர் கண்களைப் பார்த்தேன். என் மனைவியின் கண்கள், இன்னும் கொஞ்சம் களைத்தவை. மடியிலிருந்த காசுத் துணிக்கட்டை எடுத்து, அவிழ்க்காமல் அப்படியே என் கையில் வைத்தார்.

"மாப்பிள்ளை," என்றார், என்னிடம், நேராக. "நீங்க சொல்றது பொய்யின்னு எனக்குத் தெரியும். அங்கருந்து ஃபோன் வந்திச்சி. கடை அந்தப் பக்கம் இருக்குது, பஸ்ஸு இந்தப் பக்கம் நிக்குது. காசு உங்க கையில இருக்குது. நான் பின்னாலயே வர மாட்டேன். சாயங்காலம் எப்பவும் போல அங்க வருவேன். வாசல்ல உங்க செருப்பு இருக்குதான்னு பாப்பேன். இருந்தா அடுத்த வாரமும் வருவேன். இல்லன்னா எம் பொண்ணையும் பேத்தியையும் நாளைக்கே மலைக்கு கூட்டிக்கினு போய்டுவேன். உங்களுக்கு இன்னொரு வூடு பாக்க என்னால முடியாதுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முந்தானை திரும்பவும் முகத்துக்கு வந்தது. "யாரோ புளி இன்னா வெலன்னு கேக்குறாங்க பாரும்மே" என்றார். எனக்கும் அவருக்கும் நடந்த ஒரே பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. இத்தனை வருடம் நான் போர்த்திக்கொண்டிருந்த கம்பளியைச் சந்தையின் நடுவில் உருவிவிட்டார். அடித்திருந்தால் அடி ஆறியிருக்கும். அவர் 'ங்க' போட்டுப் பேசினார்.

நான் கடைப்பக்கம்தான் நடந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பி ஜன்னலுக்கு நாலு அடி வரை போனேன். முன்னால் மூன்று பேர் நின்றார்கள். கையில் இருந்த துணிக்கட்டிலிருந்து புளி வாசனை வந்தது. பாறையில் மோதிய அன்று நான் கண் விழித்ததும் இதே வாசனைதான். வரிசையில் ஒருவர் குறைந்தார். இன்னொருவர் குறைந்தார். என் முறை வருவதற்குள் கண்டக்டரின் விசில் கேட்டது. ஞானோதயம் எதுவும் இல்லை. அத்தை பொழுது சாயும்போது வருவார், ஊக்குக் குத்திய செருப்பைக் கழற்றுவார், குனிந்து தேடுவார் என்ற ஒரு காட்சி மட்டும் கண்ணை விட்டு நகர மறுத்தது. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பஸ்ஸில் தொற்றினேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் இறங்கிவிடுவேன் என்று கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். போய்ப் பணத்தைக் கட்டினேன். ரசீதை வாங்கி நோட்டில் வைத்தேன். செருப்பைக் குவியலில் எறியாமல், படியின் ஓரத்தில், தனியாக, கண்ணில் படும்படி விட்டேன். ஜன்னலருகே உட்கார்ந்தேன். வெயில் படியை விட்டு இறங்கி, சந்துக்குப் போய், எதிர்ச்சுவரில் ஏறியது. பச்சை வார் வந்தது. என் பழுப்புச் செருப்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, நின்றது. தூணுக்கு அந்தப் பக்கமிருந்து, கூட வந்திருந்த என் மனைவியிடம் பேசும் குரல் கேட்டது: "பாப்பா, மாப்பிள்ளை மதியம் சாப்பிட்டாரான்னு கேளு."

இதை ஒரு அற்புதம்போல் நான் யாருக்கும் சொல்வதில்லை. மேடம் அடுத்த வாரம் அத்தையைக் கடிந்துகொண்டார். மூன்று வாரம்கூட ஆகாத ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தது பெரிய தப்பு, பத்துப் பேரிடம் கொடுத்தால் எத்தனை பேர் பஸ் ஏறுவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்றார். அத்தை ஒத்துக்கொண்டார். தப்புதான், அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை என்றார். பேருந்து நிலையத்தில் நான் திரும்பியதும் அவருக்குக் கை காலெல்லாம் வெடவெடத்து, கருவேப்பிலை அம்மா சோடா வாங்கிக் கொடுத்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உறுதி என்பது நடுங்காமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எட்டாவது வாரத்தோடு மரங்கள் ஓய்ந்தன. மீதி நாலு வாரம் மாப்பிள்ளையுடையது என்று மனைவி மூலம் செய்தி வந்தது. என்னிடம் இருந்தது முகம் நசுங்கிய அந்த வேன் மட்டும். பழைய இரும்பு எடுக்கிறவர்கள் சந்துக்கே வந்து பேசினார்கள். கையெழுத்துப் போட்டபோது வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் திரும்பின. அந்த நாலு ரசீதும் என் பேரில். எட்டு ரசீது அவர் பேரில். பன்னிரண்டையும் இன்னமும் வைத்திருக்கிறேன். வெளியே வந்து ஐந்தாம் மாதம், ஒரு கல்யாண வீட்டில், வழுக்கினேன். மறுநாள் காலையில் நானே சந்துக்குப் போனேன். வெங்காயம் உரிக்கிற இடத்தில் எனக்கு ஒரு மணை போட்டார்கள். அத்தை பத்து நாள் மறுபடியும் வந்து நின்றார். அதன்பிறகு இன்றுவரை நான் தொடவில்லை. நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. நாளையைப் பற்றிச் சொல்வது மிக்சிக்காரன் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் அத்தை போய்ச் சேர்ந்தார். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, குளுக்கோஸ் மாற்ற வந்த பெண்ணிடம், "மாப்பிள்ளைய நாஸ்டா சாப்பிட்டு வரச் சொல்லும்மா" என்றார். நானும் அந்தப் பெண்ணிடமே, சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் விசித்திரமாகப் பார்த்தாள்.

இப்போது நான் மலையில் சாமையை உமி நீக்கி விற்கிற ஒரு சங்கத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். விஷயம் தெரிந்து சில பேர் தேடி வருகிறார்கள். கணவனுக்கு, மகனுக்கு எந்த இடம் நல்லது, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். நான் பேர் சொல்வதில்லை. கூடப் போகிறேன். போன வாரம் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள், கண்ணமங்கலம் பக்கம் புதிதாக ஆரம்பித்திருக்கிற ஓர் இடத்தைப் பார்க்க. பணத்தைப் பையில் வைத்து அணைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். மொத்தமாகக் கட்டினால் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். வாசலுக்கு வந்ததும் உள்ளே பாயப்போனாள்.

"இரும்மா," என்றேன். "மொதல்ல செருப்ப பாப்போம்."

வாசலில் மரச்சட்டத்தில் அறை அறையாகச் செய்து எண் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு அறை. பதினோரு ஜோடி. ஒன்பதாம் எண் காலியாக இருந்தது. அங்கே வாசல் கூட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். ஒன்பதாம் எண்காரர் சோப்பு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஓடிட்டாரா இன்னா, அண்ணா?" என்று என் காதில் கேட்டாள். தெரியாது, உட்கார் என்றேன். எதிரே புங்கமரத்தடியில் ஒரு சிமெண்டுப் பலகை. இருவரும் உட்கார்ந்தோம். பத்து நிமிடம். கால் மணி. எனக்கு முன்பின் தெரியாத அந்த ஒன்பதாம் எண்ணுக்காகத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு கம்பி ஜன்னலுக்கு நாலு அடி தள்ளி அவன் நிற்கக்கூடும். வரிசையில் ஒருவர் குறைந்திருக்கக்கூடும். அத்தை அன்று தூணுக்குப் பின்னால் எப்படி நின்றிருப்பார், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எதைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தெருமுனையில் ஓர் ஆள் திரும்பினார். மடித்துக் கட்டிய லுங்கி. கையில் ஒரு சோப்பு, ஒரு பொட்டலம் ஷாம்பு, வாயில் ஆரஞ்சு மிட்டாய். எங்களைக் கவனிக்காமல் படியேறி, ஒன்பதாம் அறையில் செருப்பைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

"இப்ப போலாம்," என்றேன். "பணத்த பத்தி இப்பவே பேசாத. அடுப்படிய காட்டச் சொல்லு. அப்புறம் டாக்டர் எப்ப வருவாருன்னு கேளு. வாராவாரம் கட்டலாமான்னு கடைசியா கேளு."

அவள் தலையாட்டிவிட்டு முன்னால் போனாள். நான் என் செருப்பைக் கழற்றினேன். உள்ளே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஜன்னல் வழியாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, படியோரம் விட்டேன்.